நூற்றைம்பது கிராம் காகிதம்

பத்தொன்பது வருடமாகக் காகித ஆலையில் வேலை.
கல்லூரிகள் அனுப்பும் மடல்களை
முதலில் விரலால்தான் படிக்கிறேன்.
இது நூற்றைம்பது கிராம், இருபுறமும் பளபளப்புப் பூச்சு,
பணம் புழங்குகிற இடம்.
இது மறுசுழற்சி, ஓரத்தில் பிசிறு,
ஆனால் மை நல்ல மை.
எலோடி பிடுங்கிக்கொள்கிறாள்:
"அம்மா, உள்ளே இருக்கிறதைப் படி."

உள்ளே மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.
எல்லாக் கல்லூரியிலும் அதே மரம்.

மெய்ன் மாநிலத்தின் உச்சந்தலையில் எங்கள் ஊர்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளியையே
மூன்று வாரம் மூடிவிடுவார்கள்.
அந்த விடுமுறையில் இரண்டு நாள் கேட்டு வாங்கி
தெற்கே ஓட்டிக்கொண்டு போனேன், ஐந்து மணி நேரம்.

ஒரு பையன் பின்பக்கமாகவே நடந்து
கல்லூரியைச் சுற்றிக் காட்டினான்.
"யாருக்காவது கேள்வி?"
கை தூக்கியது நான் ஒருத்திதான்.
துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எத்தனை காசு போடணும்?
"காசே வேண்டாம், போனில் தட்டினால் போதும்."
எலோடி பத்தடி தள்ளிப் போய்
ஓர் அறிவிப்புப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.
வீட்டில், வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த ஜாடியில்,
இரண்டு வருடமாக நான் சேர்த்த கால் டாலர் காசுகள்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
சாலை நடுவே ஒரு மூஸ் மான்,
எங்கள் வண்டியைவிட உயரம்.
இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும்:
ஹாரன் அடிக்கக் கூடாது.
விளக்கைத் தணித்து, எஞ்சினை அணைத்து,
அதுவாகப் போகும்வரை இருக்கணும்.

அந்த இருட்டில்தான் சொன்னாள்:
"எனக்கு மருந்தாளர் படிப்பு வேண்டாம்."
பிறகு வேறென்ன?
"மண்."
மண்ணா?
"மண்ணைப் படிக்கிறது. ஒரு வயலில் கிழங்கு அழுகுது,
பக்கத்து வயலில் அழுகலை. ஏன்னு தெரியணும்."

என் தொண்டையில் ஒரு பெரிய ஹாரன் இருந்தது.
மருந்துக்கடைச் சம்பளம், லூசியனின் முதுகு வலி,
கிழங்கு பொறுக்கிய என் பதினாறு வயது,
மண்ணிலிருந்து உன்னைத் தூக்கத்தானடி இத்தனையும்.
உள்ளங்கை நிஜமாகவே ஸ்டியரிங் நடுவில் இருந்தது.
மான் எதையோ மென்றுகொண்டிருந்தது.
கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன்.
"சொல்லு," என்றேன்.

அடுத்த ஊரின் விளக்குகள் தெரியும்வரை பேசினாள்.
மான் எப்போது போனது, நான் எப்போது
வண்டியைக் கிளப்பினேன், ஞாபகமில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
மறுநாளே மருந்தாளர் சம்பளப் பட்டியலை அச்செடுத்து
அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
லூசியன் அதை வைத்து அடுப்பு பற்றவைத்தான்.
"மெல்லிய தாள், நன்றாகப் பிடிக்குது," என்றான்.

மார்ச்சில் பதில்கள் வந்தன.
இரண்டு ஆம், ஒரு இல்லை, ஒரு காத்திரு.
அன்றிரவு எங்கள் சம்பளச் சீட்டுகளை
முதல்முறையாக அவள் முன்னால் வைத்தேன்.
லூசியன் எழுந்து போய்
ஏற்கெனவே அள்ளிய பனியை மறுபடி அள்ளினான்.
அவள் பென்சிலை எடுத்தாள்.
இவ்வளவுதானா என்று கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.
"ஓவர்டைம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டாள்.
சேர்த்து, என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து
ஒரு கடிதத்தை மட்டும் கவிழ்த்து வைத்தாள்.
தொடாமலே தெரிந்தது, நூற்றைம்பது கிராம்.
நான் அதைத் திருப்பி வைத்தேன்.
"இதையும் போட்டுப் பாரு. கடன் எவ்வளவு,
எத்தனை வருடம், எல்லாம் எழுது.
வேண்டாம்னா அதுக்கப்புறம் கவிழ்த்து வை."

இன்று ஏப்ரல் இருபத்தெட்டு.
மே ஒன்றுக்குள் முன்பணம் கட்டணும்.
எது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவள் அறையில் விளக்கு எரிந்தது,
கதவுவரை போய்
பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து நின்றுவிட்டு
வந்துவிட்டேன்.

ஜாடியில் ஒரு கால் டாலர் போட்டேன்.
பழக்கம்.